தர்மபுத்திரரின் நாயும் ராயபுரத்து மணியும்

ராயபுரம் என்றதும் சென்னைவாசிகள் தங்கள் ராயபுரத்தைத்தான் நினைத்துக்கொள்வார்கள். அதில் தவறில்லை. 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் அந்த ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஆனால் நான் சொல்லப் போவது அதை அல்ல, திருப்பூர் ராயபுரத்தை. இங்கே கடலும் இல்லை, மீன் வாடையும் இல்லை. காலையில் கண் விழித்தால் ஓவர்லாக் மெஷின் சத்தம். இரவு கண் மூடினாலும் அதே சத்தம். தெருவில் நடந்தால் நூல் தூசு மூக்கில் ஏறும். வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் சந்துக்குச் சந்து ஒரு பனியன் கம்பெனி உண்டு.

அந்த ராயபுரத்திலிருந்து சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு சின்னப் பிரயாணம் கிளம்பினோம். பிரயாணிகள் மொத்தம் ஆறு. ஐவர் இரண்டு கால். ஆறாவது பிரயாணிக்கு நாலு கால். அதன் பெயர் மணி.

என் நண்பர் ராயபுரத்தில் சிறிய பனியன் கம்பெனி ஒன்று வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு மெஷின். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், வாசலில் கிடந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டிங் வேஸ்டில் சுற்றி உள்ளே எடுத்துப் போனார்கள். அதுதான் மணி. ராஜபாளையமும் அல்ல, கோம்பையும் அல்ல. செம்பட்டை நிறத்தில், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, நம் தெருக்களில் எங்கும் காணும் நாட்டு நாய்.

திருப்பூரில் விடுமுறை என்றால் தீபாவளியும் பொங்கலுந்தான். மற்ற நாட்களில் ஷிப்ட் உண்டு, ஆர்டர் உண்டு, சனிக்கிழமை சம்பளம் உண்டு. அந்த இரண்டு பண்டிகைகளின்போது மெஷின்கள் ஓய்ந்து, தொழிலாளர் குடும்பங்களெல்லாம் மதுரைக்கும் தேனிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறிவிடும். ஊர் வெறிச்சென்று போகும். வீடு வீடாகப் பூட்டுத் தொங்கும்போது அந்த வீடுகளின் நாய்கள் என்ன ஆகின்றன என்று நான் யோசித்ததே இல்லை, மணியின் கதையைக் கேட்கும் வரை.

முந்தின தீபாவளிக்கு நண்பர் குடும்பம் தாராபுரத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தது. மணியைக் கம்பெனி வாட்ச்மேனிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் நல்ல மனிதர். வேளை தவறாமல் சோறு வைத்தார். ஆனால் வெடிச் சத்தத்துக்கு அவர் என்ன செய்வார்? நமக்குக் கேட்பதைவிட இரண்டு மடங்கு நுண்ணிய ஒலிகூட நாயின் காதுக்கு எட்டும். தீபாவளி இரவு சரவெடி தொடங்கியதும் மணி சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நாலாம் நாள் நொய்யல் பாலத்தடியில், பாதம் கிழிந்து, கூப்பிட்டாலும் வெளியே வராமல் பதுங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

நண்பரின் பையனுக்குப் பத்து வயது. அவன் இதை மறக்கவில்லை. பொங்கலுக்கு ஊட்டி போகலாம் என்று அப்பா சொன்னதும், "மணி வந்தால் நானும் வர்றேன்; இல்லாட்டி நானும் வாட்ச்மேன் தாத்தாகிட்டயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

நண்பரின் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, நீங்க பத்திரிகையில இருக்கீங்க, ஊரெல்லாம் சுத்தறீங்க. நாயைக் கூட்டீட்டு ஊட்டிக்குப் போக முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

தெரியாது என்று சொன்னால் பத்திரிகைக்கே அவமானம் அல்லவா? "விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்றேன். விசாரித்ததையும் பிறகு அனுபவித்ததையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

ரயிலில் போகலாமா?

முதலில் ரயில். மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் திருப்பூர் வழியாகத்தான் செல்கிறது. ஆகையால் ரயில் விதிகளைப் புரட்டினேன்.

நாய்க்கு ரயிலில் இரண்டே இடங்கள். ஒன்று, ஏ.ஸி. முதல் வகுப்பு. அதிலும் இருவர் படுக்கும் கூபேயையோ, நால்வர் படுக்கும் அறையையோ முழுவதும் நம் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். தூங்கும் வசதி வகுப்பு, சாதாரண இரண்டாம் வகுப்பு, ஏ.ஸி.யிலேயே மற்ற வகுப்புகள் எதிலும் நாயைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. இன்னொரு இடம், கார்டு வண்டியை ஒட்டிய பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டி. எங்கே ஏற்றினாலும் நாய்க்குப் பிரயாணச் சீட்டு கிடையாது, லக்கேஜ் சீட்டுத்தான்! பார்சல் ஆபீஸில் முன்கூட்டியே போய்ப் பதிவு செய்ய வேண்டும். மிருக வைத்தியரின் ஆரோக்கியச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்க வேண்டும். சோறு தண்ணீர் நம் பொறுப்பு. பதிவு செய்யாமல் ஒளித்து ஏற்றினால் கட்டணம் ஆறு மடங்கு.

திருப்பூர் ஸ்டேஷனில் இன்னொரு சங்கடம். பல ரயில்கள் இரண்டொரு நிமிஷந்தான் நிற்கும். அதற்குள் பனியன் பொதிகளுக்கு நடுவே புகுந்து ஒரு நாயைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, நாமும் நம் பெட்டிக்கு ஓட வேண்டும். வழியிலோ பெட்டிக்குள் இருக்கும் நாய் கண்ணில் படாது. நொய்யல் பாலத்தடியில் நாலு நாள் நடுங்கிய மணியை இருட்டுப் பெட்டியில் அடைப்பதா? வேண்டாம் என்று தீர்மானித்தோம். நண்பரின் காரே போதும். நீங்கள் ரயிலில்தான் போவதென்றால், வண்டி புறப்படும் ஸ்டேஷனிலிருந்தோ அதிக நேரம் நிற்கும் ஸ்டேஷனிலிருந்தோ ஏறுங்கள். முதல் வகுப்பு அறை உறுதியானால் மட்டும் போங்கள்.

ஒத்திகை

சர்க்கார் மிருக வைத்தியசாலை டாக்டர் மணியைப் புரட்டிப் பார்த்து, முதலில் கேட்டது வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் புத்தகத்தைத்தான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. முதல் முறை போடுவதானால் பிரயாணத்துக்கு ஒரு மாதம் முந்திப் போட வேண்டும். ஊசி போட்ட மறுநாளே பலன் வந்துவிடாது. உண்ணிக்கும் மருந்து போடச் சொன்னார். உண்ணி வெறும் அரிப்பு மாத்திரம் அல்ல, ஆளைச் சாய்க்கும் காய்ச்சலையும் கொண்டுவரும்.

"இதுவரை காரில் ஏறியிருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஊசி போட வரும்போது மட்டும்" என்றார் நண்பர்.

"அப்படியானால் கார் என்றாலே ஊசி என்று நினைத்திருக்கும். ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள்."

மறுநாளே ஒத்திகை தொடங்கியது. முதல் நாள் நின்றுகொண்டிருந்த காரில் மணி ஏறி, பிஸ்கட் தின்று, இறங்கியது. இரண்டாம் நாள் தெருமுனை டீக்கடை வரை. நாலாம் நாள் அவிநாசி வரை. ஆறாம் நாள் கார் கதவைத் திறந்ததுமே தானாகத் தாவி ஏறிக்கொண்டது. இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது!

மூட்டையில் என்னென்ன? ஒரு மார்புப் பட்டை, ஒரு கயிறு. தினமும் படுக்கும் பழைய விரிப்பு. துவைக்காமலே எடுத்துக்கொள்ளுங்கள், தன் வாசனை இருந்தால்தான் புது இடத்தில் தூங்கும். எவர்சில்வர் கிண்ணம், எவர்சில்வர் தூக்கில் வீட்டுத் தண்ணீர். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆகவே தூக்கே உத்தமம். கழுத்துப் பட்டையில் டெலிபோன் எண். சேற்றுக் காலைத் துடைக்க ஒரு பை நிறைய பனியன் வேஸ்ட். திருப்பூர்க்காரருக்கு அதற்குப் பஞ்சமா? ஆனால் நூல் கண்டையும் எலாஸ்டிக் துண்டையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடும்.

ஜனவரி மாதம் ஊட்டியில் உறைபனி விழும். நாட்டு நாய்க்கு ரோமம் குட்டை. கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் மணியின் மார்பை டேப்பால் அளந்து, "அறுபத்தஞ்சு சைஸ் சரியா இருக்குங்க" என்றார். இரட்டைத் துணியில் முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை வைத்து அரை மணியில் பனியன் தயாராகிவிட்டது. உலகத்துக்கெல்லாம் பனியன் போட்ட ஊர், தன் ஊர் நாய்க்கும் ஒன்று போட்டுவிட்டது.

மலை ஏறினோம்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலம் புறப்பட்டோம். நண்பர், அவர் மனைவி, பையன், நண்பரின் தாயார், நான், மணி. மணிக்கு இரவுச் சோற்றோடு சரி. காலையில் வெறும் தண்ணீர். காலி வயிறு என்றால் வளைவுகளில் குமட்டாது. பின் ஸீட்டில் பையன் பக்கத்தில் மார்புப் பட்டையைக் கட்டி உட்கார வைத்தோம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட விடவில்லை. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், கண்ணில் மண்ணும் பூச்சியும் அடிக்கும்; எதிரே லாரி வந்தால் தலைக்கே ஆபத்து.

அவிநாசியில் ஆத்தாவுக்கு ஸ்வாமி தரிசனம் செய்ய ஆசை. உள்ளே பைரவர் சந்நிதி உண்டு. நாய் அவருடைய வாகனந்தான். இருந்தாலும் வாகனத்துக்குக் கோவிலுக்குள் அனுமதி இல்லை. ஆகவே நானும் மணியும் வெளியே ஒரு மரத்தடியில் நின்றோம். பிறகு முறை மாற்றிக்கொண்டோம். காரில் பூட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. வெளியே 30 டிகிரிதான் இருந்தாலும், மூடிய காருக்குள் அரை மணியில் ஏறக்குறைய 50 டிகிரி ஆகிவிடும். நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். சுற்றிலும் காற்றே கொதித்தால் அந்த மூச்சினால் என்ன பயன்? ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாலும் போதாது.

அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. முந்தின நாளே எடுத்து வைத்திருந்தோம். கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கின. மணி வாந்தி எடுக்கும் என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சுகமாகத் தூங்கியது. வாந்தி எடுத்தது பையன்தான்! மணிக்கு விதித்த பத்தியத்தை அவனுக்கு விதிக்காமல் வயிறு நிறைய இட்டிலி கொடுத்திருந்தோம். பனியன் வேஸ்ட் அப்போதுதான் முதலில் உபயோகப்பட்டது.

பர்லியாறு பக்கம் குரங்குக் கூட்டம். அங்கே நாயை இறக்காமல், மேலே விசாலமான இடம் பார்த்துக் கயிற்றோடு இறக்கினோம். சுமார் ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு ஒரே மூச்சில் ஏறுவதைவிட, நடுவே ஒரு தடவை நின்று தண்ணீர் கொடுப்பது மனிதருக்கும் நாய்க்கும் நல்லது.

குன்னூர்க் கட்டடம்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. ஊட்டி போகிறவர்களில் பலர் பூங்காவைப் பார்ப்பார்கள். இதைப் பார்க்க மாட்டார்கள். அதுதான் பாஸ்டர் இன்ஸ்டிடியூட். நாயோடு போகிறவர்கள் அங்கே ஒரு நிமிஷமாவது காரை நிறுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோஸப் மீஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குத் தம் மருந்தைச் செலுத்திப் பிழைக்க வைத்தார். 1900-ல் இமயமலைச் சாரலில் கஸௌலியில் நம் நாட்டின் முதல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. ஆனால் தென்னாட்டில் ஒருவரை நாய் கடித்தால் கஸௌலிக்கு எத்தனை நாள் ரயில் பிரயாணம்! 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தாள். அந்த மரணம் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணத்தைத் தூண்டியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்ஸன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடை உதவியது. 1907-ல் குன்னூர் நிலையம் திறக்கப்பட்டது.

நான் இதைச் சொல்லி முடித்ததும் ஆத்தா, "எங்க அண்ணனுக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்டாங்க கண்ணு. கத்துன கத்து எனக்கு இன்னும் காதுல கேக்குது" என்றார்கள். அந்தப் பழைய ஊசி இப்போது இல்லை. 2004-ம் வருஷத்தோடு நம் நாட்டில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்றைய ஊசி கையில் போடுவது; எண்ணிக்கையும் குறைவு. ஆனால் நோய் மட்டும் மாறவில்லை. அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். நம் நாய்க்கு வருஷா வருஷம் போடும் ஊசி அதற்காக மட்டும் அல்ல. வழியில் அதைத் தடவிக்கொடுக்க ஓடிவரும் ஊர் பேர் தெரியாத குழந்தைகளுக்காகவும்தான்.

சொர்க்க வாசலில்

இரவு தங்க ஓர் இடத்தில் டெலிபோனில் சொல்லி வைத்திருந்தோம். "நாய் உண்டு" என்று சொன்னதற்கு, "தாராளமாக" என்றார்கள். இருட்டும் நேரத்துக்குப் போய் இறங்கினால் அந்தத் 'தாராள'த்தின் அர்த்தம் புரிந்தது. நாங்கள் உள்ளே படுக்கலாம்; நாயை வெளியே தோட்டத்துக் கம்பத்தில் கட்ட வேண்டும்.

குளிர் ஒரு பக்கம் இருக்கட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் இரவு வேளையில் சிறுத்தை வீட்டு வாசல் வரை வருவது சகஜம். அதற்கு நாய் என்றால் அவ்வளவு பிரியம். கட்டிப் போட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை.

நண்பர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் மசியவில்லை. முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பையனோ காலையிலிருந்து வாந்தி எடுத்துக் களைத்திருந்தான். நண்பர் மெதுவாக, "ஒரு ராத்திரிதானே? காருக்குள்ளேயே விட்டுவிட்டால்..." என்று ஆரம்பித்தார். பையன் ஒன்றும் பேசாமல் மணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது ஆத்தா பேசினார்கள். "தருமருக்குத் தேரே வந்து நின்னுச்சு. 'நாயை விட்டுப்போட்டு ஏறுப்பா'ன்னு இந்திரன் சொன்னான். தருமரு, 'அப்படின்னா சொர்க்கமே வேண்டாம்'னுட்டாரு. நமக்கு இந்த ரூம்பு என்ன பெரிய சொர்க்கமா? எடு வண்டியை!"

மகாபாரதத்தில் பதினேழாவது பர்வம் அது. தம்பிமார் நால்வரும் துரௌபதியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட்ட பிறகு, கடைசி வரை கூட வந்தது ஒரு நாய். நம்பி வந்ததைக் கைவிடுவது பாவம் என்று தர்மபுத்திரர் தேரில் ஏற மறுத்தார். கதையில் அந்த நாய் தர்ம தேவதை என்று பிறகு தெரிகிறது. ஆனால் மறுத்தபோது தர்மபுத்திரருக்கு அது தெரியாது. வெறும் நாய் என்றே நினைத்து மறுத்தார். ஆத்தாவுக்கும் மணியைப் பற்றி அப்படிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லை.

இரண்டு மணி நேரம் அலைந்த பிறகு தேயிலைத் தோட்டத்துக்கு அருகே ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. வாடகை அதிகம். ஆனால் மணியின் விரிப்பை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஆகையால் வாசகர்களே, டெலிபோனில் "நாயைச் சேர்ப்பீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இரவில் நாய் எங்கே படுக்கும்?" என்றும் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி. மணி பனியன் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. தேயிலைத் தோட்டத்துச் சாலைகளில் கயிற்றோடு சுற்றினோம். முதுமலைக் காட்டுக்குப் போகும் யோசனையை விட்டுவிட்டோம். சரணாலயத்துக்குள் வீட்டு நாய் போகக் கூடாது. அதற்கு நியாயமும் உண்டு. 2018-ல் குஜராத்தில் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றைத் தாக்கியவற்றில் முக்கியமானது, நாய்களிடமும் காணப்படும் டிஸ்டெம்பர் என்ற தொற்று நோய்க் கிருமி. காட்டெருமை கண்ணில் பட்டால் நாயைக் குரைக்க விடாமல் திரும்பி வந்துவிடுங்கள். நாய் பயந்து நம்மிடந்தான் ஓடி வரும், பின்னாலேயே காட்டெருமையும் வரும்.

வீட்டில் விடுவதென்றால்

எல்லா நாயும் மணியைப் போலப் பிரயாணத்துக்கு ஏற்றதல்ல. கிழ நாய், தடுப்பூசி முடியாத குட்டி, இருதயக் கோளாறு உள்ளது, பக் போன்ற சப்பை மூக்கு நாய் ஆகியவற்றை வெயிலிலும் மலையிலும் இழுத்தடிப்பது அன்பு ஆகாது. அவற்றுக்கு வீடே சுகம். ஆனால் 'சோறு வைத்தால் போதும்' என்று மட்டும் எண்ணாதீர்கள். நாய்க்குப் பழக்கமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். புறப்படுவதற்கு முன்பே இரண்டு இரவு அவரிடம் விட்டுப் பாருங்கள். மிருக வைத்தியரின் எண்ணை எழுதிக் கொடுங்கள். தீபாவளியானால் சங்கிலியில் கட்டாமல், ஜன்னலும் கதவும் சாத்திய உள் அறையில், விளக்கைப் போட்டு, ஆள் கூடவே இருக்கும்படி செய்யுங்கள். 'நாலு நாள் தெருவில் பிழைத்துக்கொள்ளும்' என்று அவிழ்த்துவிடுவது மட்டும் வேண்டாம். வீட்டுச் சோறு தின்ற நாய்க்குத் தெரு நாய்களின் எல்லை தெரியாது.

மூன்றாம் நாள் மாலை ராயபுரம் திரும்பினோம். வாட்ச்மேன் தாத்தா கேட்டைத் திறந்து, கார் நிற்பதற்குள் பின் கதவண்டை வந்துவிட்டார். மணி அவர் மேல் தாவி முகத்தை நக்கியது. தீபாவளி இரவுக்குப் பிறகு அவர் மனதில் ஏதோ ஒரு குறை இருந்திருக்க வேண்டும்.

"ஏன் சாமி, ஊட்டியெல்லாம் பார்த்தயா? ரொம்பக் குளிருச்சா?" என்று அதனிடமே விசாரித்தார். பிறகு அதன் பனியனை இழுத்துவிட்டு, தோளிலிருந்த தையலைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஓவர்லாக் விட்டிருக்குதுங்க. நாளைக்கு மெஷின் ஓடுனதும் போட்டுடலாம்" என்றார்.